கனவு வரும் என்று காத்திருக்க வேண்டாம்

 

நோன்புப் பெருநாளைக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது, அஸருக்குப் பின்னர் கண்டி கொழும்பு வீதிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதல்ல. ஒரு துணிக்கடை. ஒரு தாயும் இரண்டு மகள்மாரும். மேசை நிறையத் துணிகள் விரிந்து கிடக்கின்றன. கடைப் பையன் பச்சை நிறத்தை ஏழாவது தடவையாகத் தூக்கிக் காட்டுகிறான். மூத்த மகள் பச்சையையும் மெரூனையும் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறாள். மாமி பச்சை என்கிறார். மதினி மெரூன் என்கிறார். அக்குறணையில் இருக்கும் சாச்சி இரண்டையும் விட்டுவிட்டு, ‘இங்கே இதைவிட மலிவு’ என்கிறார். கட்டாரில் தொழில் செய்யும் வாப்பா, ‘உங்களுக்கு விருப்பமானதை எடுங்க’ என்று அனுப்புகிறார். அந்த ஒன்றுதான் அவர்களால் முடியாத காரியம்! கடைசியில் எதையும் எடுக்காமல் வெளியே வருகிறார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்குள் நின்றபடியே தண்ணீர் குடித்து நோன்பு திறக்கிறார்கள். நாளைக்கும் வர வேண்டும்.

நானும் அந்தக் கடையில் என் மனைவியின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான். மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு அதிகம் வாயில்லை. சந்தையில் பலயாவா தலபத்தா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வீட்டில் சோறும் வடித்துச் சம்பலும் இடித்தாகிவிடும் என்பது என் வீட்டார் சொல்லிச் சிரிக்கும் கதை.

ஒரு துணித்துண்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். சுபஹில் இருந்து இஷா வரை வீட்டிலுள்ள ஒரு பெண் எத்தனை முடிவுகள் எடுக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். இன்று என்ன ஆணம்? இருமுகிற பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? சீட்டுக் காசு வந்தால் கூரையா, மகளின் வகுப்புக் கட்டணமா? ஒரே நாளில் இரண்டு கல்யாணம், எதற்குப் போவது? ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நின்று நின்று, பகல் முடியும்போது வேலையைவிட யோசனைதான் உடம்பை முறித்திருக்கும். சின்னக் காரியத்தில் பழகிய இந்தத் தயக்கம் பெரிய காரியம் வரும்போது தானாக வந்து முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. மகளுக்கு வந்த சம்பந்தம், உம்மாவுக்குச் சொன்ன சத்திரசிகிச்சை, சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளைக்குக் கலையா விஞ்ஞானமா என்ற கேள்வி எல்லாம் அதன் கைக்குப் போய்விடுகின்றன.

இதில் ஒரு வேதனை என்னவென்றால், தயங்குகிறவளை நம் ஊர் பேணுதலானவள் என்று மெச்சுகிறது. தயக்கம் வேறு, பேணுதல் வேறு. ஹராமா ஹலாலா என்று சந்தேகம் வந்தால் சந்தேகமானதை விட்டு விலகுவது பேணுதல். பச்சையா மெரூனா என்பதில் மார்க்கம் எந்தச் சந்தேகத்தையும் வைக்கவில்லை. இரண்டும் ஹலால்!

எந்தப் பசுவாக இருந்தாலும்

ஸூரத்துல் பகராவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான பசுவின் கதையை நீங்கள் மத்ரஸாவில் ஓதியிருப்பீர்கள். ஒரு பசுவை அறுக்கும்படி மூஸா (அலை) அவர்கள் மூலம் பனூ இஸ்ராயீலருக்குக் கட்டளை வந்தது. அவர்கள் அறுக்கவில்லை, கேள்வி கேட்டார்கள். அது எப்படிப்பட்டது என்றார்கள். கிழடும் அல்ல, கன்றும் அல்ல, நடுத்தரம் என்று பதில் வந்தது. நிறம் என்ன என்றார்கள். பார்ப்பவருக்குப் பரவசமூட்டும் நல்ல மஞ்சள் என்று வந்தது. அதுவும் போதவில்லை, பசுக்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன என்றார்கள். உழுது பழகாத, நீர் இறைக்காத, வடு இல்லாத பசு என்று வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் செய்யாமலே விட்டுவிடும் அளவுக்கு வந்து அறுத்தார்கள். முதற்கட்டளையிலேயே ஏதாவது ஒரு பசுவை அறுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும், அவர்கள்தான் கடினமாக்கிக்கொண்டார்கள் என்ற விளக்கம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடமிருந்து தப்ஸீர்களில் வருகிறது.

கொழும்பு வீதிக் கடையில் நடந்தது இதுவேதான். ‘ஒரு துணி’ என்று வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள், கடைக்குள் போன பின்பு நிறம், கரை, அகலம், மதினியின் துணியோடு பொருந்துமா என்று நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

ஆகுமான இரண்டு காரியங்களில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி வந்தால், பாவம் கலக்காத வரையில், நபி (ஸல்) அவர்கள் இலேசானதையே எடுப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. ஆகச் சிறந்ததைத் தேடி அலைந்ததாக அதில் இல்லை. எது இலேசோ அது. நம் சமையலறைக்கும் சந்தைக்கும் இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றா நான்கா என்று ரக்அத்தில் சந்தேகம் வந்தால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்ன சொல்கிறது? நின்று யோசித்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. குறைந்ததை, அதாவது மூன்றை, எடுத்துக்கொள். ஒன்றைக் கூட்டித் தொழு. ஸஹ்வுடைய ஸஜ்தா செய். முடிந்தது. வுழூச் செய்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் வுழூ இருக்கிறது. உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஈமானுக்கு அடுத்த பெரிய கடமையான தொழுகையிலேயே சந்தேகத்தை அரை நிமிடத்தில் தீர்த்துவைக்கும் மார்க்கம், பருப்பா கத்தரிக்காயா என்பதற்கு அரை மணித்தியாலம் கேட்குமா?

என் வகுப்புக்கு வரும் ஒரு தாய் தன் வீட்டில் செய்த ஒழுங்கைச் சொன்னார். பெருநாள் துணி ஷஃபான் மாதத்திலேயே எடுப்பது. இரண்டு கடைக்கு மேல் ஏறுவதில்லை. கடைக்குள் போனால் தொலைபேசி பைக்குள். மனதுக்குப் பொருந்தியது எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்துவிடுவது. திங்கள், வியாழனில் என்ன ஆணம் என்பதும் அவர் வீட்டில் முன்பே முடிவானது. ‘அந்த ரெண்டு நாளும் எனக்கு லேசா ஈக்கிது மௌலவி’ என்றார். இவ்வளவுதான் விடயம். ஒரு தடவை யோசித்து வைத்தால் ஐம்பது தடவை யோசிக்கத் தேவையில்லை.

பன்னிரண்டு பேரிடம் கேட்டோம்

பெரிய காரியங்களில் இவ்வளவு சுருக்கமாக முடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் கேட்க வேண்டும். யாரிடம், எத்தனை பேரிடம் என்பதில்தான் நாம் தவறு விடுகிறோம். இதை நான் கிதாபில் படித்ததைவிட என் உம்மாவின் கண்ணிலிருந்துதான் அதிகம் படித்தேன்.

உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தால் நல்லது என்று வைத்தியர் சொன்னார். நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர். ஒருவர் கண்டியில் செய்வோம் என்றார். ஒருவர் கொழும்புக்குக் கொண்டுபோவோம் என்றார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்குச் செய்து சரிவரவில்லை என்றார். பிறகு சொந்தக்காரர்கள், அயலவர்கள், பள்ளியில் பக்கத்து ஸப்பில் நின்றவர் என்று பன்னிரண்டு பேரிடமாவது நான் கேட்டிருப்பேன். பன்னிரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடு பன்னிரண்டு விதமாகச் சொன்னார்கள். எட்டு மாதம் போனது. ஒரு நாள் அதிகாலையில் வுழூச் செய்யப் போன உம்மா பின்வாசல் படி தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த உம்மா எங்களைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: ‘இன்னமும் யாருட்டயாவது கேக்கோணுமா?’ அடுத்த மாதமே கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கண் தெளிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மணிக்கட்டு கடைசி வரைக்கும் மழைக்காலத்தில் நொந்துகொண்டேயிருந்தது.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘அல்அத்கார்’ என்ற நூலில், பிரயாணம் போக எண்ணுகிறவர் யாரிடம் ஆலோசனை கேட்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். நம்முடைய நன்மையை நாடுபவராக, நம்மீது இரக்கம் உள்ளவராக, அந்த விடயத்தில் அனுபவம் உள்ளவராக, மார்க்கத்திலும் அறிவிலும் நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டுமாம். இந்தத் தகுதிகள் எல்லாம் ஒருங்கே உள்ளவர்கள் நம் ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவர், அதிகமானால் இருவர். கண்ணைப் பற்றி நான் கேட்ட பன்னிரண்டு பேரில் இரக்கம் எல்லோரிடமும் இருந்தது. அனுபவம் ஒருவரிடம்தான் இருந்தது. அவரோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

பாத்திமா பின்த் கைஸ் (ரழி) என்ற ஸஹாபிப் பெண்மணியின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தலாக் சொல்லப்பட்டு இத்தா முடிந்த நிலையில் அவர்களுக்கு இரண்டு இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. ஒன்று முஆவியா (ரழி), மற்றது அபூ ஜஹ்ம் (ரழி). அவர்கள் நேராக நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். பதில் பூசி மெழுகியதாக வரவில்லை. முஆவியாவிடம் பொருள் இல்லை என்றும், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, உஸாமாவை மணமுடியுங்கள் என்றார்கள். அவர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஆனாலும் உஸாமா (ரழி) அவர்களையே மணமுடித்தார்கள். அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான், பிறர் பார்த்து ஆசைப்படும்படி வாழ்ந்தேன் என்று பிற்காலத்தில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தகுதியான ஒருவரிடம் கேட்டார்கள். உண்மையான தகவல் கிடைத்தது. முடிவு எடுத்தார்கள். சம்பந்தம் விசாரிக்கும்போது ‘நல்ல குடும்பம்தான், நல்ல பிள்ளைதான்’ என்று மழுப்புகிறவர்களும் இந்த ஹதீஸைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது. கேட்கிறவளின் தயக்கத்துக்குப் பாதிக் காரணம் நம் மழுப்பல்தான்.

‘கனவு ஒண்டும் தெரியல்ல மௌலவி’

சில வருடங்களுக்கு முன் கண்டிக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்து ஐந்து வாரமாகிறது. பையனைப் பற்றி விசாரித்தாயிற்று, குறை ஒன்றுமில்லை. மகளுக்கும் விருப்பம்தான். பின்னே என்ன தாமதம் என்றேன்.

‘இஸ்திகாரா தொழுதம் மௌலவி. கனவு ஒண்டும் தெரியல்ல. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்.’

சகோதரிகளே, இப்படிக் கேட்டு வருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்லர். வெள்ளை தெரிந்தால் சரி, கறுப்புத் தெரிந்தால் கூடாது, தண்ணீர் தெரிந்தால் நல்லது, பாம்பு தெரிந்தால் விட்டுவிடு என்று ஒரு பெரிய பட்டியலே நம் ஊர்களில் வாய்மொழியாக உலாவுகிறது. ஹதீஸ் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இதை அறிவிப்பவர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள். புகாரியில் வருகிறது. குர்ஆனின் ஒரு ஸூராவைக் கற்றுத் தருவதுபோல எல்லாக் காரியங்களுக்கும் இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உங்களில் ஒருவர் ஒரு காரியத்தை நாடினால் பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது இந்த துஆவை ஓதட்டும் என்பது அதன் கருத்து. ‘நாடினால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மனம் ஒரு பக்கம் எழுந்த பிறகுதான் இஸ்திகாரா. வெற்றுப் பலகையாக அல்லாஹ்வின் முன் போய் நின்று, எழுதித் தா என்று கேட்பது அல்ல. துஆவில் என்ன கேட்கிறோம்? இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லது என்று நீ அறிந்திருந்தால் இதை எனக்கு விதித்து இலேசாக்கு. கெட்டது என்று அறிந்திருந்தால் இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்குத் தந்து, அதில் என்னைத் திருப்தியடையச் செய். இவ்வளவுதான். கனவைக் காட்டு என்ற கோரிக்கை அதில் எங்கும் இல்லை. நிறமும் இல்லை, பாம்பும் இல்லை.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள், இஸ்திகாராவுக்குப் பின் மனம் எதற்கு விரிகிறதோ அதைச் செய்யட்டும் என்கிறார்கள். ஹிஜ்ரி 660இல் வபாத்தான நம் மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் இன்னும் இலகுவாக்கி, எது அமைகிறதோ அதைச் செய்யட்டும் என்று சொன்னதை இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் புகாரியின் விரிவுரையில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். பொறுப்பை அல்லாஹ்விடம் கொடுத்தாயிற்று. இனி நடந்து போவதுதான் வேலை. நன்மையில்லை என்றால் கதவை அவனே மூடுவான்.

இன்னொன்று, அது மௌலவி பார்த்துச் சொல்கிற காரியமும் அல்ல. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் பெண்கேட்புச் செய்தி போனபோது, என் இறைவனிடம் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை என்று சொல்லி அவர்களே எழுந்து தங்கள் தொழுமிடத்துக்குப் போனார்கள். வேறொருவரை அனுப்பவில்லை.

இவற்றையெல்லாம் அந்தத் தாய்க்குச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் வீட்டில் மூத்தம்மா ‘இன்னும் மூணு நாள் பாப்பம்’ என்றாராம். பிறகு இன்னுமொரு மூன்று நாள். ஏழாவது வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மறுபடி வந்த தாயின் வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ‘அண்டைக்கே சொல்லியிருந்தா…’

அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லைப் பற்றியும் நமக்கு எச்சரிக்கை இருக்கிறது. உனக்குப் பயன் தருவதில் முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாய் இருந்துவிடாதே, ஏதாவது நேர்ந்துவிட்டால் ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்லாதே, அது ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறக்கும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. முடிவுக்கு முன் இயலாமையும் முடிவுக்குப் பின் புலம்பலும் ஒரே ஹதீஸில் தடுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள்.

கவசத்தை அணிந்த பின்

பெண்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அறிவுக் குறைவால் அல்ல. பழி தன் தலையில் விழும் என்ற பயத்தால். ‘நீதானே பச்சையை எடுக்கச் சொன்னாய்’, ‘உன் சொல்லைக் கேட்டுத்தானே பிள்ளையை அந்தப் பாடசாலைக்கு மாற்றினோம்’ என்று பத்து வருடத்துக்குப் பிறகும் சொல்லிக்காட்டும் ஒரு வீட்டில் யார்தான் துணிந்து முடிவு சொல்வார்கள்? அதனால்தான் கனவின் மீதும் மௌலவியின் மீதும் வாட்ஸ்அப் குழுவின் மீதும் பாரத்தைப் போடப் பார்க்கிறாள். இந்தப் பகுதியை உங்கள் கணவரிடமும் வாசிக்கக் கொடுங்கள்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, உஹத். மக்காவின் படை வந்துவிட்டது. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதா, வெளியே போவதா? உள்ளே இருப்பதே நபி (ஸல்) அவர்களின் கருத்து. பத்ரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் பலர் வெளியே போக வேண்டும் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் போய்ப் போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள் மற்றவர்களுக்கு மனம் உறுத்தியது. நாம் வற்புறுத்திவிட்டோமே, நீங்கள் விரும்பினால் உள்ளேயே இருப்போம் என்றார்கள். கவசம் அணிந்த ஒரு நபி, அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அதைக் கழற்றுவது தகாது என்ற கருத்தில் பதில் வந்தது. புறப்பட்டார்கள்.

அந்தப் போரில் எழுபது பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் முகத்திலேயே காயம். வெளியே போவோம் என்று சொன்னவர்களைப் பிடித்து ‘நீங்கள்தானே’ என்று கேட்க இதைவிட ஒரு சந்தர்ப்பம் வேண்டுமா? இறங்கிய வசனமோ (3:159) அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படியும், காரியங்களில் அவர்களுடன் ஆலோசனை செய்யும்படியும், முடிவு செய்துவிட்டால் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படியும் சொல்கிறது. எந்த ஆலோசனைக்குப் பிறகு இவ்வளவு இழப்பு வந்ததோ, அதற்குப் பின்னரும் ஆலோசனையைத் தொடரச் சொல்கிறான் அல்லாஹ்! நம் வீடுகளில் கறியில் உப்புக் கூடினால்கூட மன்னிப்பு இரண்டு நாள் தாமதமாகிறது.

‘அவசரம் ஷைத்தானுடையது என்று ஹதீஸ் இருக்கிறதே’ என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹாத்திமுல் அஸம் (ரஹ்) என்ற பெரியாரின் சொல்லை எடுத்துத் தருகிறார்கள். ஐந்து காரியங்கள் அதற்கு விதிவிலக்காம். விருந்தாளிக்கு உணவு வைப்பது, மையித்தை அடக்க ஆயத்தம் செய்வது, கன்னிப் பெண்ணை மணமுடித்துக் கொடுப்பது, கடனை அடைப்பது, பாவத்திலிருந்து தவ்பாச் செய்வது. நாம் எதில் அவசரப்படுகிறோம், எதில் ஆறப்போடுகிறோம் என்று இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கடன் கொடுத்தவரைக் காத்திருக்க வைத்துவிட்டுத் திரைச்சீலைக்கு அவசரப்படுகிறோம்.

மழை வந்த பிறகு ஆலோசனை இல்லை

மலைநாட்டில் வாழும் நாம் மறக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். மண்சரிவில் எத்தனை வீடுகளில் மையித்துகள். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு. சிவப்பு என்றால் வெளியேறு. ஆனால் நடு இரவில், கும்மிருட்டில், சிவப்பு என்று கேட்ட பிறகு ‘போவமா, விடிஞ்சாப்புறம் பாப்பமா, நகைய எங்க வெக்கிற’ என்று கூடிக் கதைக்கத் தொடங்கினால்?

உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில், ஸர்ஃக் என்ற இடத்தில் இருக்கும்போது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அதுவும் இரண்டுபட்டது. குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்தார்கள், எல்லோரும் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். நாலாவது ஒரு கூட்டம் அவர்கள் அழைக்கவில்லை. காலையில் புறப்படுகிறேன், நீங்களும் புறப்படுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்பது அவர்களின் பதில். பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பு, மறு கரை வரட்சி. ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் கத்ர்தானே என்று உவமையும் சொன்னார்கள்.

அதனால் சகோதரிகளே, வெயில் அடிக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். செம்மஞ்சள் வந்தால் யார் வீட்டுக்குப் போவது, மூத்தாப்பாவை யார் தூக்குவது, அடையாள அட்டையும் மருந்தும் எந்தப் பையில் என்று. உங்கள் வீட்டுக்கு மேலே சரிவு இருந்தால் இதை வரும் ஜும்ஆவுக்கு முன்னரே செய்துவிடுங்கள்.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தேன். அடுத்த வருடம் கம்பளைப் பக்கமிருந்து அவர்களுக்கு இன்னொரு சம்பந்தம் வந்தது. இந்தத் தடவை மகளே அப்பியாசக் கொப்பியில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தாள். நாநா போய், அந்தக் குடும்பத்தை அறிந்த இரண்டே பேரிடம் விசாரித்து வந்தார். மகள் தானே இஸ்திகாரா தொழுதாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பதில் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதேபோல் சொல்லிவிட்டார்கள். பதில், வேண்டாம் என்பது. கல்யாணத்துக்குப் பிறகு பாலர் பாடசாலையில் படித்துக் கொடுப்பதை விட வேண்டும் என்று அவர்கள் கேட்டதுதான் காரணம். பத்து நாளில் தெளிவாகச் சொன்னதற்கு மாப்பிள்ளை வீட்டார் நன்றி சொன்னார்களாம்.

மூன்றாவதாக வந்தது அமைந்துவிட்டது, மாஷா அல்லாஹ். போன மாதம் அந்தத் தாய் தொலைபேசியில் கதைத்தார். நிக்காஹ் எந்த நாளில் என்பதுதான் விடயம்.

‘சனியா ஞாயிறா மௌலவி? நீங்க ஒருக்கா இஸ்திகாரா…’

அவர் முடிக்கவில்லை. பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

‘சனிக்கிழமதான் உம்மா. மண்டபம் அண்டைக்கித்தான் காலியா ஈக்கிது!’